பாங்கும் பாட்டும்: கரோல் ஷிமனோவ்ஸ்கியின் கீழைத்தேயப் பாடல்களை முன்வைத்து

எமது இலக்கியக் கூட்டங்களில் ஹாபிஸ், ரூமி ஆகிய இரு பெயர்களும் தவறாமல் இடம்பெறுகின்றன. நூல் வெளியீட்டு விழாவொன்றில் தலைமையுரை நிகழ்த்துபவர் ரூமியின் கூற்றொன்றுடன் தொடங்குவார். கவியரங்கில் ஒருவர் ஹாபிஸின் மதுக்கிண்ணத்தைத் தொட்டுச் செல்வார். சபையோர் தலையசைப்பர். அந்த வரி பாரசீகத்திலிருந்து எம்மிடம் எந்தெந்த மொழிகளைக் கடந்து வந்தது, வரும் வழியில் எதையெல்லாம் இழந்தது என்று எவரும் வினவுவதில்லை. வினவினால் பலருக்குச் சங்கடம் ஏற்படக்கூடும்.

இவ்வினாவை நேரடியாக எம்மை நோக்கி எழுப்புவதற்கு முன்னர், எமக்குத் தூரமான ஒருவரின் படைப்புகளை வைத்து ஆராய்ந்து பார்ப்பது பயன் தரும் என எண்ணுகிறேன். போலந்து நாட்டின் நவீன இசை மேதையான கரோல் ஷிமனோவ்ஸ்கி ஹாபிஸின் கவிதைகளுக்கும் ரூமியின் கவிதையொன்றுக்கும் இசை அமைத்தவர். ‘காதல் கொண்ட மோதினாரின் பாடல்கள்’ என்றொரு தொகுதியையும் ஆக்கியவர். முஸ்லிம் உலகின் கவிதையையும் பாங்கோசையையும் ஐரோப்பிய இசை மேடைக்குக் கொண்டு சென்ற இவரைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை மிகக் குறைவு. எனவே சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது.

கலைப்பாடல் என்பது

முதலில் வடிவத்தை விளங்கிக்கொள்வது அவசியம். எம்மிடையே பாடல் பிறக்கும் முறை பெரும்பாலும் மெட்டுக்குப் பாட்டு என்பதாகும். தெரிந்த மெட்டொன்று இருக்கும், அதன் அளவுக்குக் கவிஞர் சொற்களைப் பொருத்துவார். இஸ்லாமிய கீதங்கள் பலவும், கலியாண வீட்டுப் பாடல்களும் இவ்வாறு உருவானவையே.

ஜேர்மன் மொழி பேசும் நாடுகளில் 19ஆம் நூற்றாண்டில் செழித்த கலைப்பாடல் இதற்கு நேர்மாறானது. அங்கு கவிதை முன்னரே முழுமை பெற்றிருக்கும். கவிஞர் அதைப் பாடுவதற்கென எழுதியிருக்கவும் மாட்டார். இசையமைப்பாளர் அக்கவிதையை வாசித்து, அதன் ஒவ்வொரு சொல்லுக்கும் தன் விளக்கத்தை இசையாக எழுதுவார். ஒரு குரல், ஒரு பியானோ, அவ்வளவுதான். பியானோ பக்கவாத்தியம் அல்ல. கவிதை சொல்லாமல் விட்டதைச் சொல்லும் இரண்டாவது குரல் அது. ஷூபர்ட், ஷூமன், பிராம்ஸ் ஆகியோர் இவ்வடிவத்தை வளர்த்தனர். சுருங்கக் கூறின், கலைப்பாடல் என்பது இசையில் எழுதப்பட்ட ஒரு விமர்சனக் கட்டுரை எனலாம். ஆகவே அதனைக் கேட்கும்போது இசை இனிமையாக உள்ளதா என்று மட்டும் கேட்டு நின்றுவிட முடியாது. இவர் இந்தக் கவிதையைச் சரியாக வாசித்தாரா என்பதே முதன்மையான கேள்வியாகும்.

மனிதரும் காலமும்

ஷிமனோவ்ஸ்கி 1882இல், அன்று ரஷ்யப் பேரரசின் கீழிருந்த உக்ரைனில், திமோஷுவ்கா என்னும் கிராமத்தில், போலந்து நிலவுடைமைக் குடும்பமொன்றில் பிறந்தார். அக்காலத்தில் உலகப் படத்தில் போலந்து என்றொரு நாடே இருக்கவில்லை. ரஷ்யா, பிரஷ்யா, ஒஸ்திரியா ஆகிய மூன்றும் அதனைப் பங்கிட்டு விழுங்கியிருந்தன. 1918இல்தான் அது மீண்டும் எழுந்தது. சிறு வயதிலேயே காலில் ஏற்பட்ட பாதிப்பினால் வாழ்நாள் முழுவதும் நொண்டியே நடந்தார். அதுவே அவரை முதலாம் உலகப் போரின் படைச் சேவையிலிருந்து காப்பாற்றியது.

1914இன் வசந்த காலத்தில் இத்தாலி, சிசிலி வழியாக வட ஆபிரிக்கா சென்றார். அல்ஜியர்ஸ், பாலைவன ஓரத்து நகரமான பிஸ்க்ரா, டியூனிஸ் ஆகிய இடங்களைப் பார்த்தார். அங்கு கேட்ட பாங்கோசையும் சந்தை ஓசையும் அவரது செவியில் தங்கிவிட்டன. திரும்பியதும் போர் மூண்டது. போர்க்காலத்தின் பெரும்பகுதியைக் கிராமத்து வீட்டில் கழித்து, பண்டைய கிரேக்கம் பற்றியும் இஸ்லாமிய நாகரிகம் பற்றியும் நூல்களை வாசித்தபடி இசை எழுதினார். 1917இன் புரட்சிக் கொந்தளிப்பில் அந்த வீடு சூறையாடப்பட்டது. பிறந்த மண்ணுக்கு அவர் மீண்டும் குடியேறச் செல்லவில்லை. 1937இல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் காச நோயினால் காலமானார்.

இவ்விபரங்களை இங்கு தருவதற்குக் காரணமுண்டு. நாடில்லாத ஒரு சமூகத்தைச் சேர்ந்தவர், வீட்டையும் இழந்தவர், தன் கற்பனையில் கிழக்கே ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டார். அந்த வீட்டுக்கு அவர் வைத்த பெயர்களே ஹாபிஸ், ரூமி, மோதினார் என்பன.

ஷீராஸிலிருந்து வந்த வழி

‘ஹாபிஸின் காதல் பாடல்கள்’ என்னும் முதல் தொகுதி 1911இல் ஆக்கப்பட்டது. படைப்பு எண் 24. குரலுக்கும் பியானோவுக்குமான ஆறு பாடல்கள் இதிலுள்ளன. பின்னர் 1914இல், இவற்றில் மூன்றை எடுத்து, புதிதாக ஐந்தைச் சேர்த்து, எட்டுப் பாடல்களாகப் பல்லிய இசைக்குழுவுக்கு எழுதினார். இது படைப்பு எண் 26. ‘விருப்பங்கள்’, ‘காதல் கொண்ட கீழைக்காற்று’, ‘நடனம்’ என்பன இரு தொகுதிகளுக்கும் பொதுவானவை. இரண்டாவது தொகுதி ‘ஹாபிஸின் கல்லறை’ என்னும் பாடலுடன் நிறைவுறுகிறது.

இப்பாடல்களின் சொற்கள் ஹாபிஸுடையவையா? இங்குதான் நாம் நிதானிக்க வேண்டும். ஹாபிஸ் 14ஆம் நூற்றாண்டில் ஷீராஸில் வாழ்ந்தவர். அவரது திவானை ஒஸ்திரியரான ஹம்மர் புர்க்ஸ்டால் 1812, 1813ஆம் ஆண்டுகளில் ஜேர்மன் மொழியில் வெளியிட்டார். அதை வாசித்துப் பரவசமடைந்த கோதே 1819இல் ‘மேற்கு-கிழக்குத் திவான்’ நூலை வெளியிட்டார். அதன் பிறகு ஜேர்மன் கவிஞர்கள் பலர் ஹாபிஸைத் தத்தமது விருப்பப்படி திருப்பி எழுதலாயினர். அந்த வரிசையில் பிந்தி வந்தவர் ஹான்ஸ் பெத்கே. இவருக்குப் பாரசீகம் தெரியாது. முன்னைய மொழிபெயர்ப்புகளை வைத்துத் தன் மொழியில் புதுக்கவிதை செய்தார். இதே முறையில் சீனக் கவிதைகளுக்கும் வடிவம் கொடுத்தார். மாலர் என்னும் இசை மேதை தனது ‘பூமியின் பாடல்’ படைப்புக்கு எடுத்துக்கொண்டதும் பெத்கேயின் அந்தச் சீனக் கவிதைகளையே. பெத்கேயின் ஹாபிஸ்தான் ஷிமனோவ்ஸ்கியின் கைக்குக் கிட்டிய ஹாபிஸ்.

இந்த நீண்ட வழியில் நிகழ்ந்த இழப்புகள் மூன்றைக் குறிப்பிடலாம்.

முதலாவது வடிவம். கஸலின் ஒவ்வொரு பைத்தும் தன்னளவில் நிறைவானது. ஒரு பைத்திலிருந்து அடுத்த பைத்துக்குக் கதை தொடர வேண்டியதில்லை. அவற்றைக் கட்டுவது காபியாவும் ரதீபும் ஆகும். ஒரே சொல் ஒவ்வொரு பைத்தின் இறுதியிலும் திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு முறையும் வேறு பொருள் கொள்ளும். பெத்கேயின் ஆக்கங்கள் தொடக்கம், வளர்ச்சி, முடிவு கொண்ட ஜேர்மன் தன்னுணர்ச்சிக் கவிதைகளாகிவிட்டன. ஈரானில் இன்றும் ஹாபிஸைப் பாடுவோர் அரூள் யாப்பின் குறில் நெடில் அளவையொட்டியே குரலை நீட்டியும் குறுக்கியும் பாடுகின்றனர். யாப்பே இல்லாத இடத்தில் ஷிமனோவ்ஸ்கி அதை எங்ஙனம் அறிவார்?

இரண்டாவது பால். பாரசீக மொழியில் அவன், அவள் என்ற வேறுபாடு கிடையாது. இரண்டுக்கும் ஒரே சொல்தான். அதனாலேயே ஹாபிஸின் காதலுக்குரியவர் ஒரு பெண்ணா, அரசரா, குருவா, அல்லாஹ்வா என்ற மயக்கம் கடைசி வரை தீராது. அந்த மயக்கம் ஒரு குறையன்று. கவிதையின் உயிரே அதில்தான் உள்ளது. ஜேர்மன் மொழியிலும் போலந்து மொழியிலும் பாலைத் தீர்மானிக்காமல் நெடுந்தூரம் செல்ல முடியாது. தீர்மானித்ததும் கதவுகளில் ஒன்று மட்டும் திறந்து மற்றவை மூடிக்கொள்கின்றன. தமிழுக்கும் இதே இடர்ப்பாடு உண்டு. ‘நீ வந்தாய்’ என்று முன்னிலையில் எழுதும்வரை தமிழ் தப்பித்துக்கொள்ளும். ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்று படர்க்கைக்குப் போனவுடன் சிக்கிக்கொள்ளும்.

மூன்றாவது பெயர். எங்கள் ஊர்களில் ஹாபிஸ் என்றால் குர்ஆனை மனனம் செய்தவர் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். ஷம்சுத்தீன் முஹம்மத் என்னும் அக்கவிஞர் அப்பெயரைச் சூடிக்கொண்டதும் அக்காரணத்தாலேயே. கஸலின் இறுதியில் ‘ஹாபிஸ்’ எனத் தன்னையே விளிக்கும்போது, இறைமறையை நெஞ்சில் சுமந்தவர் மதுச்சாலையைப் பற்றிப் பேசுகிறார் என்ற முரண் அங்கே ஒலிக்கிறது. ஐரோப்பியச் செவிக்கு அது வெறும் இடுகுறிப் பெயர். முரண் நீங்கியதும் எஞ்சுவது மதுவும் மங்கையும் மட்டுமே.

இருந்தும் அவர் கேட்டவை

இவ்வளவு இழந்த பின் இப்பாடல்களில் என்ன மிச்சம் இருக்கிறது என்று வினவலாம். ஆறு பாடல்கள் கொண்ட முதல் தொகுதியை நான் பலமுறை இறுவட்டில் கேட்டிருக்கிறேன். சொற்களின் ஆங்கிலப் பெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன். அதாவது ஷீராஸிலிருந்து புறப்பட்ட சங்கிலியின் இன்னொரு கண்ணியாக நானும் அமர்ந்திருந்தேன். ஆயினும் இரண்டு பாடல்கள் என்னை விட்டு அகலவில்லை.

ஒன்று ‘எரியும் ட்யூலிப் மலர்கள்’. இறந்த காதலன் தன் கல்லறையிலிருந்து செந்நிறப் பூக்கள் தீப்போல் முளைக்கும் என்கிறான். அதைக் கண்டு வியக்காதே, உயிரோடிருந்தபோது என்னுள் எரிந்த நெருப்பை நினைத்துப்பார் என்பது பொருள். செம்மலருக்கும் மரித்த காதலனின் இரத்தத்துக்கும் உள்ள தொடர்பு பாரசீகக் கவிதையின் பழைய சொத்து. இத்தனை மொழிகளைக் கடந்தும் அந்தப் படிமம் சேதமின்றி வந்து சேர்ந்திருப்பதை இங்கு காண்கிறோம். யாப்பு வழியில் கரைந்துவிடும், சிலேடை செத்துவிடும். வலுவான படிமம் மட்டும் பாலைவனத்தைக் கடக்கும் ஒட்டகத்தைப் போல் மறுகரை சேர்ந்துவிடும்.

மற்றையது தொகுதியின் இறுதிப் பாடலான ‘துயர வசந்தம்’. வசந்தம் வந்துவிட்டது, மண்ணுக்குள் கிடந்த பூக்களெல்லாம் மேலே வந்துவிட்டன, மண்ணுக்குள் போன நீ மட்டும் ஏன் வரவில்லை என்பதே கவிதை. மழை மேகம் அழுது பூவை எழுப்புவது போல, நானும் அழுதால் நீ எழுந்து வருவாயோ என்று அது முடிகிறது. இங்கு பாலோ, மொழியோ, மதமோ தடையாகவில்லை. மையித்தை அடக்கிவிட்டு வீடு திரும்பிய எவருக்கும் இந்தக் கவிதையை விளக்கத் தேவையில்லை. ஷிமனோவ்ஸ்கி இதில் கிழக்கின் அலங்காரங்களை நாடவில்லை. அவரும் தந்தையை இழந்த ஒரு மகனாகவே இதை வாசித்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. கிழக்கை மறந்த இடத்திலேயே அவர் ஹாபிஸுக்கு மிக அருகில் வந்தார் என்பது என் துணிபு.

மோதினாரின் பாடல்கள்

இனி 1918இல் எழுதப்பட்ட ‘காதல் கொண்ட மோதினாரின் பாடல்கள்’ என்னும் படைப்பு எண் 42. ஆறு கவிதைகள். எழுதியவர் ஷிமனோவ்ஸ்கியின் உறவினரும் அன்று இளங்கவிஞருமான யாரோஸ்லாவ் இவாஷ்கியேவிச். இவை மொழிபெயர்ப்பல்ல, நேரடியாகப் போலந்து மொழியில் எழுதப்பட்டவை. மினாராவில் ஏறி நின்று பாங்கு சொல்லும் மோதினார் ஒருவர், தன் அழைப்பின் ஊடே காதலியை நினைக்கிறார் என்பதே இவற்றின் கரு. விடியலிலும் நண்பகலிலும் நகர் உறங்கும் வேளையிலும் பாடும் அவர், இறுதிப் பாடலில், அவள் மேற்குப் பாலைவனத்துக்குப் போய்விட்டாள் எனப் புலம்புகிறார். 1934இல் இவற்றில் நான்குக்குப் பல்லிய இசை வடிவமும் தந்தார் ஷிமனோவ்ஸ்கி.

இசை என்ற வகையில் இவை ஹாபிஸ் பாடல்களைவிடப் புதுமையானவை. ஜேர்மன் செல்வாக்கு குறைந்து பிரெஞ்சு நவீனத்துவத்தின் சாயல் கூடியிருக்கிறது. ஓர் எழுத்தின் மீது குரல் பல சுரங்களாக நெளிந்து இறங்குவதும், சுரங்களுக்கிடையே அரபு இசையை நினைவூட்டும் அகன்ற இடைவெளி வருவதும் கவனத்துக்குரியன. பியானோ சில இடங்களில் சிறு பறையைப் போலத் தட்டுகிறது, சில இடங்களில் வெயிலின் கானலைப் போல் அசைகிறது. கேட்கக் கேட்கச் செவி இணங்கிவிடுகிறது.

ஆனால் சொல்? முதற் பாடலின் தலைப்பு ‘அல்லாஹ், அக்பர், அல்லாஹ்’ என்பது. அரபு இலக்கணத்தின் அரிச்சுவடி படித்தவருக்கும் இங்கே ஒன்று உறுத்தும். ‘அல்லாஹு அக்பர்’ என்பது முழுமையான ஒரு வாக்கியம். ‘அல்லாஹு’ என்பதன் ஈற்றிலுள்ள உகரமே அதனை எழுவாயாக்குகிறது. ‘அக்பர்’ பயனிலை. அல்லாஹ் மிகப் பெரியவன் என்ற கூற்று அங்கே நிறைவு பெறுகிறது. உகரத்தை எடுத்துவிட்டுக் காற்புள்ளிகளால் பிரித்தால் வாக்கியம் உடைந்துபோகிறது. மூன்று ஒலிகள் மட்டும் தனித்தனியே நிற்கின்றன. தரம் எட்டு மாணவன் எழுவாயையும் பயனிலையையும் காற்புள்ளியிட்டுப் பிரித்தால் நான் சிவப்பு மையால் வட்டமிடுவேன். இங்கே அது வெறும் இலக்கணப் பிழை மட்டுமன்று. ஒரு சமூகத்தின் மிக அடிப்படையான கூற்று, பொருளை உதிர்த்துவிட்டு ஓசையாக மட்டும் கேட்கப்பட்டிருக்கிறது என்பதற்கான சான்று.

இதனை இன்னொரு பக்கத்தாலும் பார்க்கலாம். தமிழ் பேசும் முஸ்லிம்களாகிய நாம் பாங்கு ‘சொல்லுகிறோம்’. மோதினார் எத்துணை இனிய குரலுடையவராயினும், எத்துணை இராகத்தோடு இழுத்தாலும், அவர் பாங்கு பாடினார் என்று எமது பேச்சுவழக்கில் எவரும் சொல்வதில்லை. ‘பாங்கு’ என்பதே அழைப்பொலி எனப் பொருள்படும் பாரசீகச் சொல். அது ஜேர்மன் வழியாகவோ ஆங்கிலம் வழியாகவோ எம்மிடம் வரவில்லை. சொல்லுதல் என்ற வினையை அதனோடு சேர்த்தவர்கள் எமது முன்னோர். சொல்லுதல் பொருளுக்குரியது, பாடுதல் இசைக்குரியது என்ற நுண்மையான அழகியல் தீர்ப்பு அந்த ஒரு வினைச் சொல்லில் அடங்கியுள்ளது. ஷிமனோவ்ஸ்கி பிஸ்க்ராவில் கேட்டது பாடலை. அங்கிருந்த மோதினார் சொல்லிக்கொண்டிருந்தது வேறு.

இதே பிஸ்க்ரா பிரதேசத்துக்கு 1913இல், அதாவது ஓராண்டுக்கு முன்னர், ஹங்கேரிய இசையாளர் பேலா பார்ட்டோக் சென்றிருந்தார். ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு சென்று, கிராமத்து அரபு மக்களின் பாடல்களைப் பதிவு செய்து, தாளத்தையும் சுரத்தையும் அளந்து, பின்னர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். அந்த அனுபவம் அவரது பியானோ இசையிலும் ஊறியது. பார்ட்டோக் அங்கிருந்தவர்களிடம் கேட்டு எழுதினார். ஷிமனோவ்ஸ்கி நினைவில் வைத்துக் கனவு கண்டார். கனவு காணல் கலைஞனின் உரிமைதான். ஆனால் கனவில் வரும் மனிதர்கள் கனவு காண்பவனின் மொழியையே பேசுவார்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

கண்டனமும் அதன் எல்லையும்

எட்வர்ட் செயித் 1978இல் வெளியிட்ட ‘கீழைத்தேயவாதம்’ நூலை வாசித்த எமது இளம் விமர்சகர் ஒருவர் இந்த இடத்தில் தீர்ப்பை எழுதி முடித்துவிடக்கூடும். மேற்கத்தியர் கிழக்கை மதுவாகவும் மங்கையாகவும் மர்மமாகவும் சித்திரித்தனர், ஷிமனோவ்ஸ்கியும் அவ்வாறே, முற்றும். வேறு சிலர், பாங்கின் புனிதம் கெடுக்கப்பட்டது என்று கொதித்தெழக்கூடும். இசை ஆகுமா ஆகாதா என்ற பிக்ஹு விவாதத்தை ஆலிம்களிடம் விட்டுவிடுகிறேன். அது எனது துறையன்று. ஆனால் இலக்கிய மாணவன் என்ற வகையில் இவ்விரு தீர்ப்புகளையும் முழுமையாக ஏற்க என்னால் இயலவில்லை.

முதலாவது தீர்ப்புக்கு மறுப்பு: ஆளும் பேரரசொன்றின் பிரஜை அடிமை நாட்டைப் பார்த்த பார்வை இதுவல்ல. ஷிமனோவ்ஸ்கியே ஆளப்பட்ட சமூகத்தவர். அவருக்கு அல்ஜீரியாவில் எடுத்துக்கொள்ள நிலமோ ஆள்வதற்கு மக்களோ இருக்கவில்லை. பிரான்சின் துப்பாக்கி நிழலில் பிஸ்க்ராவுக்கு அவர் பயணித்தார் என்பதும் உண்மை. இரண்டு உண்மைகளையும் ஒன்றாக வைத்தே பேச வேண்டும்.

இரண்டாவது தீர்ப்புக்கான மறுப்பு எமது மரபுக்குள்ளேயே உள்ளது. குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்கள் மனோன்மணிக் கண்ணியில் இறைவனைப் பெண்ணாக, காதலியாக விளித்துக் கரைகிறார். அதை எமது மூத்தோர் ஒதுக்கிவிடவில்லை, ஓதிப் பாதுகாத்தனர். காதல் மொழியில் இறைவனைப் பேசுவது எமக்குப் புதிதன்று. அப்படியாயின் மஸ்தான் சாகிபுவை ஏற்று, காதல் கொண்ட மோதினாரைக் கேள்விக்குள்ளாக்குவது எந்த நியாயத்தில்?

வேறுபாடு திசையில் இருக்கிறது. மஸ்தான் சாகிபு பெண்ணை விளித்து இறைவனிடம் போகிறார். இவாஷ்கியேவிச்சின் மோதினார் இறைவனை விளித்துப் பெண்ணிடம் போகிறார். முன்னவரிடம் காதல் என்பது வாகனம். பின்னவரிடம் பாங்கே வாகனமாகிவிடுகிறது. மேலும், இறுதிப் பாடலின் தலைப்பிலுள்ள ‘போய்விட்டாய்’ என்னும் போலந்து வினைமுற்று, ‘நீ’ என்பது பெண் எனத் தன் விகுதியாலேயே காட்டிவிடுகிறது. தமிழின் ‘போய்விட்டாய்’ அவ்வாறு காட்டாது. இவ்விதம் மொழியே கதவைச் சாத்திவிட்ட பிறகு, அங்கு இரண்டாவது பொருளைத் தேட இடமில்லை. ஆகவே எனது குறை பாங்கைத் தொட்டார்கள் என்பதல்ல. தொட்டும் அதன் ஆழத்துக்குப் போகவில்லை என்பதே. புனிதத்தின் பேரால் அன்று, கவிதையின் பேராலேயே இத்தொகுதி குறைவுபடுகிறது.

ரூமியின் இரவு

இவ்விடத்தில் ஷிமனோவ்ஸ்கிக்கு நியாயம் செய்ய வேண்டுமாயின் 1914க்கும் 1916க்கும் இடையில் ஆக்கப்பட்ட ‘இரவின் பாடல்’ என்னும் மூன்றாம் சிம்பனியைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. இது கலைப்பாடலன்று. தனிக்குரல், பெரிய பாடகர் குழு, பல்லிய இசைக்குழு என்பவற்றைக் கொண்ட விரிந்த ஆக்கம். சொற்கள் ரூமியின் கவிதையொன்று, ததேயுஷ் மிச்சின்ஸ்கியின் போலந்து மொழியாக்கத்தில். இந்த இரவில் உறங்காதே தோழா என்ற அழைப்பே கவிதையின் உட்பொருள்.

தஹஜ்ஜுத் வேளையின் அமைதியை அறிந்தவர்கள் இதைக் கேட்டால் ஒன்றை உணர்வார்கள். இங்கு மினாராவின் ஓவியம் இல்லை. பெண்ணும் இல்லை. விழித்திருக்கும் ஓர் ஆன்மாவும் அதைச் சூழ்ந்த பேரண்டமும் மட்டுமே. பாடகர் குழு சில இடங்களில் சொல்லின்றி ஒலியாக மட்டும் இணைகிறது. மோதினார் பாடலில் சொல்லின் பொருள் உதிர்ந்தது குறையாயிற்று. இங்கு சொல் தானே அடங்கி மௌனத்துக்கு வழிவிடுகிறது. முன்னது அறியாமை. பின்னது ரூமியின் மரபுக்கு உடன்பாடான ஒன்று. மொழிபெயர்ப்பில் வந்த ரூமியையும் உண்மையாக வாசிக்க முடியும் என்பதற்கு இது சாட்சி.

வீடு திரும்பல்

1920களில் ஷிமனோவ்ஸ்கி கிழக்கை விட்டு மெல்ல விலகினார். 1926இல் வார்சோவில் அரங்கேறிய ‘ரோஜர் மன்னன்’ இசை நாடகமே கிழக்கு சார்ந்த அவரது கடைசிப் பெரும் படைப்பு. சிசிலியின் 12ஆம் நூற்றாண்டு அரசவையைக் களமாகக் கொண்ட அதில் எத்ரிசி என்னும் அரபு அறிஞர் ஒரு பாத்திரம். ஸரந்தீபைப் பற்றியும் எழுதி வைத்த புவியியலாளர் அல்-இத்ரீஸியே அவர். எமது தீவின் வரலாற்றை வாசித்தோருக்கு இப்பெயர் அந்நியமானதன்று.

அதன் பின் அவர் போலந்தின் தத்ரா மலைவாழ் மக்களின் இசையை நாடிச் சென்றார். சகோபனே என்னும் மலை ஊரில் ‘ஆத்மா’ என்று பெயரிட்ட வீட்டில் வாழ்ந்தார். யூலியன் துவிமின் கவிதைகளுக்கு 1921இல் அமைத்த பாடல்களும், 1930க்குப் பின் வந்த குர்ப்பிய நாட்டார் பாடல்களும் இக்காலத்துக் கலைப்பாடல்கள். இவற்றில் அலங்காரம் குறைந்து சொல் முன்னுக்கு வருகிறது. தாய்மொழியின் அசைகளைத் தன் செவியாலேயே அறிந்தவர் எழுதிய இசை இது. இடையில் எவரும் நின்று பெயர்த்துச் சொல்லத் தேவைப்படவில்லை. பிஸ்க்ராவில் அவர் செய்யாததை, அதாவது உட்கார்ந்து கேட்பதை, தன் நாட்டு மலையில் செய்தார்.

எமக்கான வினா

ஷிமனோவ்ஸ்கியை இவ்வாறு நிறுத்துப் பார்த்தபின் தராசின் மறு தட்டில் நாம் ஏறியாக வேண்டும். உமர் கையாமைத் தமிழுக்குத் தந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்கள் பிட்ஸ்ஜெரால்டின் ஆங்கிலத்தையே மூலமாகக் கொண்டார். அது இனிய தமிழ். ஆயினும் நிஷாப்பூரைவிட இங்கிலாந்தே அதற்கு அண்மையிலுள்ளது. இன்று எமது மேடைகளில் ஒலிக்கும் ரூமி பெரும்பாலும் கோல்மன் பார்க்ஸ் என்னும் அமெரிக்கரின் ரூமி. பார்க்ஸுக்கும் பெத்கேயைப் போலவே பாரசீகம் தெரியாது. 1995இல் வெளிவந்த அவரது ரூமி நூல் உலகெங்கும் விற்றது. அதில் இஸ்லாத்தின் சுவடுகள் பல இடங்களில் மங்கிவிட்டன என்று பாரசீகம் அறிந்தோர் சுட்டிக்காட்டியுள்ளனர். அந்த மங்கிய பிரதியைத் தமிழாக்கி, எமது ஞான மரபு என்று நாமே பெருமைப்படுகிறோம்! போலந்துக்காரர் இரவல் ஹாபிஸைப் பாடினார் என்று நகைக்கும் உரிமை எமக்கு உண்டா?

அறபுத்தமிழில் எழுதியும் ஓதியும் வந்த ஒரு சமூகம் இது. மூல மொழியின் ஒலியையும் தாய்மொழியின் பொருளையும் ஒரே பக்கத்தில் வைத்துக் காத்தவர்கள் எமது முன்னோர். மூலத்திலிருந்து நேரே தமிழுக்கு வரும் அந்த ஒழுங்கை நாம் கைவிட்டு நீண்ட காலமாகிறது. எமது அறபுக் கலாசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பயிலும் இளைஞர்களில் நான்கைந்து பேராவது பாரசீகம் கற்று, ஹாபிஸின் பத்துக் கஸல்களையாவது ரதீபோடு தமிழில் கொண்டுவந்தால் அது ஓர் ஆண்டின் நூறு கவியரங்குகளைவிடப் பெறுமதியானதாகும். தமிழில் ரதீப் இயலாது என்பாரும் உளர். ஈற்றில் ஒரே சொல்லை மீள மீள நிறுத்தும் இயைபுத் தொடை எமக்கு அந்நியமா என்ன?

அதுவரை ஷிமனோவ்ஸ்கியைக் கேட்போம். ‘துயர வசந்தம்’ போன்ற பாடலில் அவர் எம்மவர். ‘இரவின் பாடல்’ எம்மைத் தட்டி எழுப்பும். மோதினார் பாடல்களைக் கேட்கையில் செவி இணங்கினாலும் அறிவு விழித்திருக்கட்டும். ஒரு சொல்லின் ஈற்றிலுள்ள சிறு உகரம் உதிர்ந்தால் எவ்வளவு பெரிய பொருள் உதிர்ந்துபோகிறது என்பதை அவை எமக்குக் கற்பிக்கும். அந்தப் பாடத்தை அவரது பாடலிலிருந்து கற்றுக்கொண்டு, எமது கவியரங்குகளில் பயன்படுத்துவதே முறை.